குண்டு எங்கே போய் நிற்கும்?

1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. ராதாவுக்கும் குண்டுக் காயம். இருவரையும் ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எம்.ஜி.ஆர். பிழைத்தார், அடுத்த மாதமே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். ஆனால், பழைய குரல் திரும்பவில்லை. 'தோட்டா பழசு, வீரியம் போயிருந்தது, அதனால்தான் தப்பித்தார்' என்று இன்றைக்கும் பெரியவர்கள் சொல்வதுண்டு.

தோட்டா என்றதும் எல்லாரும் விசாரிப்பது வேகத்தையும் சக்தியையும்தான். அது எங்கே போய் நிற்கும் என்று கேட்பவர்கள் குறைவு. பயிற்சிக்கும் தற்காப்புக்கும் தோட்டா தேர்ந்தெடுப்பதில் அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும்.

பயிற்சிக்கு எது?

நடிகர் அஜித் 2021-ல் மாநில துப்பாக்கி சுடும் போட்டியில் பதக்கங்கள் வாங்கிய பிறகு, 'நானும் கத்துக்கணும்' என்று கேட்கும் பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். தொடக்கம் பெரும்பாலும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல்தான். இதில் வெடிமருந்தே கிடையாது. காற்றழுத்தம்தான் ஈயத்தால் ஆன சின்ன பெல்லட்டைத் தள்ளுகிறது. விட்டம் 4.5 மி.மீ., எடை சுமார் அரை கிராம். 20 ஜூல் சக்திக்கு மேற்படாத இந்த அளவு ஏர் பிஸ்டலுக்கு, 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை.

கூர்முனை பெல்லட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். போட்டிக்குத் தட்டைத் தலை பெல்லட்தான். காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல வட்டமாக ஓட்டை விழும், மதிப்பெண் போடச் சிக்கல் இருக்காது. பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டமே 11.5 மி.மீ.தான். எனவே, இரண்டு மூன்று வகை பெல்லட் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்தைந்து முறை சுட்டுப் பாருங்கள். எது நெருக்கமாக விழுகிறதோ அதுதான் உங்கள் பிஸ்டலுக்கு ஏற்றது. ஈயம் விஷம் என்பதால், பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும்.

அடுத்த படி பாயிண்ட் 22. குண்டின் எடை வழக்கமாக 2.6 கிராம். உதைப்பு குறைவு, விலையும் மற்ற தோட்டாக்களைவிடக் குறைவு. 'ஹை வெலாசிட்டி' என்று எழுதிய பெட்டியைத் தேட வேண்டாம். ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே போகும் 'ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி' குண்டுதான் காகிதத்தில் ஒரே சீராக விழும். ரேஞ்சில் காகிதத்தைத் தாண்டிப் போகும் குண்டைப் பிடிக்கத் தடுப்பு இருக்கிறது.

வீட்டில் என்ன ஆகும்?

அடையாறிலோ மயிலாப்பூரிலோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துப் பாருங்கள். படுக்கையறைக் கதவு ப்ளைவுட். வாசல் கதவுக்கு எதிரே நாலடி தள்ளி இன்னொரு குடும்பத்தின் கதவு. இங்கே தடுப்பு எதுவும் இல்லை.

தற்காப்புக்கு லைசென்ஸ் பெற்றவர்களிடம் அதிகம் இருப்பது பாயிண்ட் 32 ரிவால்வர். முழுக்க உலோக உறை போட்ட குண்டு, குறி தப்பினால் கதவைத் துளைத்து அந்தப் பக்கம் போய்விடும். குறி தப்பாவிட்டாலும் உடலைத் துளைத்து வெளியேறலாம். முனையில் குழி உள்ள குண்டு உடலுக்குள் விரிந்து அங்கேயே நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் பல நாட்டுப் போலீசார் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால், அது உண்டாக்கும் காயம் கொடூரமானது. கல்கத்தா பக்கம் டம்டம் ஆயுதச் சாலையின் பெயரால் அறியப்பட்ட இந்த வகை விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று 1899-லேயே ஹேக் மாநாட்டில் முடிவானது. குறி தப்பினால் எந்தக் குண்டும் பக்கத்து வீட்டுக்காரரைக் காப்பாற்றாது.

சட்டமும் இதைத்தான் கவனிக்கிறது. லைசென்ஸுக்கு 21 வயது நிரம்ப வேண்டும். சென்னையில் அதைத் தருபவர் போலீஸ் கமிஷனர். எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதும் லைசென்ஸிலேயே இருக்கும். தற்காப்பு உரிமையைப் பேசும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள், தேவைக்கு மேல் பலத்தைப் பயன்படுத்துவதை அனுமதிப்பதில்லை. நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் முதலில் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு 112-ஐ அழைப்பதுதான் புத்திசாலித்தனம்.

பழைய தோட்டா இருக்கிறதா?

கடற்காற்றும் புழுக்கமும் உள்ள ஊர் இது. தோட்டாவை ஈரமில்லாத இடத்தில், துப்பாக்கியிலிருந்து தனியாக, பூட்டி வையுங்கள். எண்ணெய் படக் கூடாது. பச்சை பூத்தது, குண்டு ஆடுவது எதையும் சுடக் கூடாது.

பயிற்சியின்போது விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? துப்பாக்கியை இலக்கை நோக்கியே அரை நிமிடம் பிடித்திருங்கள். 'டப்' என்று சத்தம் மெலிதாக வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடித்துவிடும்.

தாத்தா காலமான பிறகும் அவருடைய ரிவால்வரும் தோட்டாக்களும் பீரோவில் இருக்கின்றனவா? அவருடைய லைசென்ஸ் உங்களுக்குச் செல்லாது. பேரப்பிள்ளைகள் கையில் கிடைப்பதற்கு முன்பு, உள்ளூர் காவல் நிலையத்தில் விவரம் சொல்லி ஒப்படைத்து, கையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.