வந்தவர்கள் எத்தனை, தங்கியவர்கள் எத்தனை?

தமிழகத்தில் உள்நாட்டுச் சுற்றுலாப் பயணிகளின் வருகை 2019-இல் 49 கோடியைத் தாண்டியிருந்தது. கொரோனாவில் சரிந்து, 2023-இல் 28 கோடிக்கு மேல் ஏறியது. நல்ல செய்திதான். ஆனால் இது தலைக்கணக்கு. ஒருவரே நான்கு ஊர் போனால் நான்கு வருகை.

ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். காலையில் கிருஷ்ணகிரி அணையும் சையத் பாஷா மலையும் பார்ப்பவர் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு சேர்ந்துவிடுகிறார். டீக்கடைக்குக் காசு உண்டு, லாட்ஜுக்கு இல்லை. அறை எடுப்பவரால்தான் சலவைக்காரர், ஆட்டோக்காரர், காலை டிபன் கடை என நாலு குடும்பம் பிழைக்கிறது.

ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். இறங்குகிறவர் நேரே பெங்களூரு போனால் நமக்கென்ன மிச்சம்? கடன் வாங்கி லாட்ஜ் கட்ட நினைக்கும் நம் சகோதரர்கள், வருகைக் கணக்கை விட்டுவிட்டு இரவுக் கணக்கை விசாரிக்கட்டும்.