கட்டுப்படாதது யார்?

என் கோப்பில் ‘ட்ரீட்மென்ட் ரெசிஸ்டன்ட் டிப்ரஷன்’ என்று எழுதியிருந்தது. தமிழில் ‘சிகிச்சைக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு’ என்கிறார்கள். படித்ததும் வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்த பையன் மாதிரி ஆகிவிட்டேன். மருந்து தோற்றது என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

சரி, கணக்கைப் பார்ப்போம். குறைந்தது இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் எடுத்தும் பலனில்லை என்றால்தான் இந்தப் பெயர். போதிய காலம் என்பது சுமார் 6 முதல் 8 வாரம். நான் நான்கு சீட்டு பார்த்தவன். முதல் மாத்திரையைக் குமட்டல் தாங்காமல் பன்னிரண்டாம் நாள் நிறுத்தினேன். இரண்டாவது, ஆரம்ப டோஸிலேயே ஐந்து மாதம் ஓடியது, யாரும் கூட்டவில்லை. மூன்றாவது டாக்டர் பழைய சீட்டுகளைக் கேட்கவே இல்லை. முதல் மாத்திரையையே வேறு கம்பெனிப் பெயரில் எழுதினார். அட்டை வேறு, கலர் வேறு, எனக்கும் தெரியவில்லை. அதையும் பத்து நாளில் விட்டேன். ஒழுங்காகப் பரிசோதிக்கப்பட்டது நான்காவது மட்டும்தான். ஆபீஸில் ஒரு பிழையை இந்த லட்சணத்தில் பார்த்துவிட்டு ‘தீராது’ என்று டிக்கெட்டை மூடினால், லாக் எங்கே என்று கேட்பார்கள்.

உண்மையிலேயே எதற்கும் அசையாத மனச்சோர்வு இருக்கிறது, மறுக்கவில்லை. 2006இல் வெளியான அமெரிக்காவின் ஸ்டார்-டி ஆய்விலேயே முதல் மருந்தில் முழுதாகத் தெளிந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். ஆனால் இதை முதல் நாளே என்னிடம் சொல்லியிருக்கலாமே? பன்னிரண்டாம் நாள் ஓடியிருக்க மாட்டேன்.

நாங்கள் உறையூர். வெக்காளியம்மனுக்குக் கூரை கிடையாது. வேண்டுதலைச் சீட்டில் எழுதிச் சூலத்தில் கட்டுவார்கள். அம்மா கட்டினாள். அடுத்து, “குணசீலத்துல ஒரு மண்டலம் இருந்துட்டு வாடா” என்றாள். அப்போது நானும் உங்களைப் போலத்தான் சிரித்தேன். இப்போது யோசித்தால், மண்டலம் என்பது 48 நாள், கிட்டத்தட்ட ஏழு வாரம். பாதியில் ஓடாமல் உட்கார வைக்கும் ஏற்பாடு கோயிலிடம் இருக்கிறது. ஐந்து நிமிடம் பார்த்து ‘அடுத்த மாசம் வாங்க’ என்று அனுப்பிய இடங்களில் அது இல்லை. கோயில் குணமாக்கும் என்று சொல்ல வரவில்லை. 2001இல் ஏர்வாடியில் சங்கிலியோடு 28 பேர் எரிந்து செத்த நாடு இது.

2017 மனநலச் சட்டம், உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. என் பாலிசி இணையாகத்தான் நடத்துகிறது: காய்ச்சலுக்கும் வெளிநோயாளிச் செலவு கிடையாது, இதற்கும் கிடையாது. காய்ச்சல் அஞ்சு நாள் சார். இது ஆறு வருஷம்.

இவ்வளவுக்கும் நடுவே, துயரம்தான் எழுத்தின் ஊற்று என்று வாரம் ஒருவர் எழுதுகிறீர்கள். அந்த ஆறு வருஷத்தில் நான் ஒரு பத்தி எழுதவில்லை. பல் துலக்கியதே பெரிய காரியம்.

போன மாதம் ஐந்தாவது டாக்டர் பழைய சீட்டுகளையெல்லாம் மேஜையில் பரப்பித் தேதிவாரியாக அடுக்கினார். முக்கால் மணி நேரம் ஆனது. இப்போதைய மாத்திரையோடு லித்தியம் சேர்த்துப் பார்க்கலாம், அதுவும் கேட்கவில்லையென்றால் ஈசிடி என்றார். அம்மாவுக்கு அது சினிமாவில் பார்த்த கரண்ட் ஷாக்.

“மயக்க ஊசி போடுவாங்களா?”

“போடாம செய்யக்கூடாதுன்னு சட்டமே இருக்கும்மா.”

வீடு வரும் வரை பேசவில்லை. பிறகு, “அந்தச் சீட்டையெல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு வைடா” என்றாள்.