பனி படர்ந்தால் கூலிங் ஜாஸ்தியா? கடைக்காரர்களே, கத்தியைக் கீழே வையுங்க!

ஐஸ்கிரீம் பெட்டியின் கண்ணாடியைத் தள்ளியதும் உள்சுவரெல்லாம் வெள்ளை வெளேரென்று பனி. ‘அடேங்கப்பா, என்ன கூலிங்!’ என்று நினைப்போம். உண்மை அதற்கு நேர்மாறு. பனி ஏற ஏற பெட்டியின் குளிரும் திறன் குறைகிறது, கரன்ட் பில் கூடுகிறது.

கடலோர ஊர்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். தூத்துக்குடி - ராமநாதபுரம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் வேம்பாரையே எடுத்துக்கொள்வோம். முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்களில் ஒன்று என்று பெயர் பெற்ற ஊர். மன்னார் வளைகுடா பக்கத்திலேயே இருப்பதால் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை.

பனி எங்கிருந்து வருகிறது?

பெட்டியில் உள்ள பொருளிலிருந்து கொஞ்சம் வரும். பெரும்பகுதி வெளிக்காற்றிலிருந்துதான் வருகிறது. 30 டிகிரி வெப்பமும் 80 சதவிகித ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். அதே காற்று மைனஸ் 18 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதில் ஏறக்குறைய 1 கிராம்தான் தங்க முடியும். மிச்சமெல்லாம் குளிர்ந்த காயிலிலும் சுவரிலும் பனியாக ஒட்டிக்கொள்ளும். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இதுதான் நடக்கிறது.

அந்தப் பனி ஒரு கம்பளி மாதிரி. காயிலின் குளிர் வெளியே வராமல் போர்த்திவிடும். ஃபேன் உள்ள பெட்டிகளில் காயிலின் இடுக்குகளை அடைத்து, காற்றையே நிறுத்திவிடும். கம்ப்ரஸர் ஓய்வே இல்லாமல் ஓடும். ஆனாலும் மேல்தட்டில் இருக்கும் பொருள் இளகிப்போயிருக்கும்.

டீஃப்ராஸ்ட் மூன்று விதம்

பால், கூல்டிரிங்க்ஸ் வைக்கும் கண்ணாடிக் கதவு கூலரில் உள்காற்று பூஜ்ஜியத்துக்கு மேலே இருக்கும். அதனால் கம்ப்ரஸரைச் சிறிது நேரம் நிறுத்தி, ஃபேனை மட்டும் ஓட விட்டால் போதும், பனி தானே உருகிவிடும்.

ஃபேன் வைத்த ஃப்ரீசரில் இது நடக்காது. உள்காற்றே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருப்பதால், காயிலோடு பொருத்திய ஹீட்டர் சூடாகிப் பனியை உருக்கும். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் கம்ப்ரஸரிலிருந்து வரும் சூடான கேஸையே காயிலுக்குள் திருப்பிவிடுவதும் உண்டு.

மேலே மூடி உள்ள ஐஸ்கிரீம் பெட்டிகளில் பெரும்பாலும் இந்த வசதி எதுவும் இருக்காது. நாம்தான் அணைத்து, காலி செய்து, உருக்க வேண்டும்.

கம்பெனி செட்டிங் கடலோரத்துக்குப் போதுமா?

காட்சிப் பெட்டிகளைச் சோதிக்க சர்வதேச தரத்தில் பல வகுப்புகள் இருக்கின்றன. பரவலாகச் சொல்லப்படும் 3-ம் வகுப்பு, 25 டிகிரி வெப்பம், 60 சதவிகித ஈரப்பதம் உள்ள அறைக்கானது. அந்தக் காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 14 கிராம் தண்ணீர்தான் இருக்கும். நாம் மேலே பார்த்த 24 கிராமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏ.சி போட்ட கடைக்கு ஏற்ற இடைவெளி, திறந்தவெளிக் கடலோரக் கடைக்குப் போதாது. அதே தரத்தில் 7-ம் வகுப்பு 35 டிகிரிக்கும் 75 சதவிகித ஈரப்பதத்துக்குமானது. புதுப் பெட்டி வாங்கும்போது ‘எந்த வகுப்பு?’ என்று கேட்டு வாங்குங்கள்.

காற்று மாறினால் கணக்கும் மாறும். மேற்கிலிருந்து காய்ந்து வரும் கச்சான் நாளில் பனி குறைவு. கிழக்கே கடலிலிருந்து கொண்டல் அடிக்கும் நாளிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழை மாதங்களிலும் பனி வேகமாக ஏறும்.

அதற்காக அடிக்கடி டீஃப்ராஸ்ட் செய்வதும் தப்பு. ஒரு கிலோ பனியை உருக்க, கணக்குப்படி ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு கரன்ட்கூட தேவையில்லை. ஆனால் ஹீட்டரின் சூட்டில் பெரும்பங்கு இரும்பிலும் உள்காற்றிலும் ஏறிவிடுகிறது. அதை வெளியேற்ற கம்ப்ரஸர் மறுபடி உழைக்க வேண்டும். நடுவில் ஐஸ்கிரீமின் மேல்பரப்பு இளகி மறுபடி உறையும். நாக்கில் நறநறவென்று ஐஸ் துகள் தட்டுப்படுவது இதனால்தான்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய 4 விஷயங்கள்

1. எத்தனை மணிக்கு ஒரு முறை? 6 மணி நேர இடைவெளி என்றால் நாளுக்கு 4 முறை.

2. எப்போது நிற்கும்? காயிலில் உள்ள சென்சார், பனி முழுக்க உருகி காயில் சூடாகத் தொடங்கியதைக் கண்டு ஹீட்டரை நிறுத்த வேண்டும். வெறும் நிமிடக் கணக்கில் நின்றால், பனி இல்லாத நாளிலும் ஹீட்டர் வீணாக எரியும்.

3. அதிகபட்சம் எத்தனை நிமிடம்? சென்சார் பழுதானால் பெட்டியைக் காப்பாற்றுவது இந்த எல்லைதான்.

4. தண்ணீர் வடிய நேரம் இருக்கிறதா? உருகிய நீர் சொட்டி முடிப்பதற்குள் ஃபேன் சுற்றினால், ஈரம் பொருளின் மேல் போய் உறையும்.

பவர் கட் ஆனால்?

சுற்றும் கடிகாரம் போன்ற பழைய டைமர், கரன்ட் போனதும் அப்படியே நின்றுவிடும். அதிகாலை 3 மணிக்கு வைத்த டீஃப்ராஸ்ட், சில பவர் கட்களுக்குப் பிறகு நண்பகல் 12 மணிக்கு நகர்ந்திருக்கும். உச்சி வெயில், கடையில் கூட்டம், உள்ளே ஹீட்டர்! மாதம் ஒரு முறையாவது டைமரைச் சரிபாருங்கள்.

சில டிஜிட்டல் கன்ட்ரோலர்கள் கரன்ட் வந்ததுமே டீஃப்ராஸ்டைத் தொடங்கும்படி செட் செய்யப்பட்டிருக்கும். 2 மணி நேரம் கரன்ட் இல்லாமல் கிடந்த பெட்டிக்கு அதற்கு மேல் சூடா? அந்த செட்டிங்கை அணைக்கச் சொல்லுங்கள்.

டீஃப்ராஸ்ட் நேரத்தில் பல கன்ட்ரோலர்கள் பழைய வெப்பநிலையையே திரையில் காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். ஃப்ரீசரில் மைனஸ் 18 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும்.

மீன் விற்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். சூரை, சீலா, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் குளிர் தப்பினால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலைவலி, தடிப்பு வரலாம். ஒருமுறை உருவான ஹிஸ்டமின், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. மறுபடி ஃப்ரீஸ் செய்தாலும் போகாது.

கத்தி வேண்டாம், உப்பும் வேண்டாம்

பனியைக் கத்தியால் குத்தும்போது காயில் குழாய் ஓட்டையானால் கேஸ் மொத்தமும் போய்விடும். இப்போது வரும் பல பெட்டிகளில் இருப்பது ஆர்-290 (புரொப்பேன்) அல்லது ஆர்-600ஏ (ஐசோபியூட்டேன்). இரண்டுமே சமையல் கேஸின் சொந்தக்காரர்கள், தீப்பிடிக்கக் கூடியவை. உப்பு தூவினால் உலோகம் அரித்துப் போகும்.

பனி அரை சென்டிமீட்டர் தடிமன் ஆனதுமே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சரக்கை ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டிக்கு மாற்றி, மூடியைத் திறந்து விடுங்கள். இளகிய பனியை பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்து, ஈரத்தைத் துடைத்து, தண்ணீர் போகும் துளையில் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கதவு ரப்பர் கிழிந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

வாங்குபவர்கள் கவனத்துக்கு

கப்பின் மூடியில் ஐஸ் முள், உருக்குலைந்த கோன், பாக்கெட்டின் அடியில் ஒரே கட்டியாக உறைந்த மீன் - மூன்றுமே, இடையில் உருகி மறுபடி உறைந்ததற்கான அறிகுறி. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு வார நோட்டு

சென்சார் வைத்த பெட்டி உள்ளவர்கள், டீஃப்ராஸ்ட் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களில் முடிந்தால், பனி குறைவு. இடைவெளியைக் கூட்டலாம். ஒவ்வொரு முறையும் அதிகபட்ச எல்லை வரை ஓடினால், பனி மிச்சம் இருக்கிறது, அல்லது ஹீட்டரோ சென்சாரோ பழுது. மெக்கானிக்கைக் கூப்பிடும்போது அந்த நோட்டையும் காட்டுங்கள்.