குணமாக்கும் புகை யார் நெஞ்சில் தங்குகிறது?

சீன வைத்தியம் என்றால் ஊசி என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். ஊசி பாதிதான், மறுபாதி நெருப்பு. "சென்ஜியூ" என்ற அதன் சீனப் பெயரிலேயே குத்துவதும் உண்டு, சுடுவதும் உண்டு. மாசிபத்திரி இனத்து மூலிகை ஒன்றின் இலையைக் காயவைத்து, இடித்துப் பஞ்சாக்கி, காகிதத்தில் பெரிய சுருட்டு மாதிரிச் சுருட்டுகிறார்கள். முனையைப் பற்றவைத்து, நோவுள்ள இடத்துக்கு அருகே தோலில் படாமல் பிடிக்கிறார்கள். நம் கிராமங்களில் சூடு போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது ஓரளவு விளங்கும்.

இந்த வைத்தியத்தை ஏளனம் செய்ய நாம் எழுதவில்லை. ஜப்பானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய சீன மக்களுக்குச் சிகிச்சை செய்ய 1938இல் இந்தியாவிலிருந்து ஐந்து டாக்டர்கள் போனார்கள். அவர்களில் கோட்னிஸ் 1942இல் அங்கேயே உயிர் நீத்தார். இன்னொருவரான டாக்டர் பாசு 1958இல் மறுபடியும் சீனம் சென்று, ஊசி வைத்தியம் கற்று வந்து இங்கே பரப்பினார். அந்த உறவை நாம் மறக்கவில்லை.

நாம் கேட்பது வேறு. நோயாளி அரைமணி நேரம் படுத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். சுருட்டைப் பிடித்து நின்றவர் அடுத்த கட்டிலுக்குப் போகிறார். பிறகு அதற்கடுத்த கட்டிலுக்கு. ஒரே அறையில் நாலைந்து சுருட்டுகள் புகைகின்றன. மாலைவரை அந்தக் காற்றுதான் அவருக்கு மூச்சு. அதில் நுரையீரலின் அடிவரை இறங்கும் நுண்தூசி இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. பென்சீனும் பார்மால்டிஹைடும் இருக்கின்றன. சீன ஆராய்ச்சியாளர்களே அளந்து பார்த்து, அறைக்காற்றுக்கு வைத்த அளவைத் தூசி பல மடங்கு மீறுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, இருமல் என்று அங்கே வேலை செய்கிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

"மூலிகைப் புகைதானே, கிருமியைக் கொல்லுமே" என்கிறார்கள் சிலர். எந்த இலையாக இருந்தாலும் எரிந்தால் புகை புகைதான். ஊதுகுழலும் கையுமாக அடுப்படியில் காலம் கழித்த நம் தாய்மார்களின் இருமலுக்கு விறகின் ஜாதி காரணமில்லை.

இன்னும் சிலர், "இதனால் நோய் வந்தது என்பதற்கு ருசு எங்கே?" என்கிறார்கள். இந்தக் கேள்வி மில் தொழிலாளிக்குப் பழக்கமானது. பஞ்சுத் தூசியால் நெஞ்சு கெடுகிறது என்று மான்செஸ்டரில் டாக்டர் கே 1831இல் எழுதினார். பிரிட்டனில் அதற்கு நஷ்டஈடு கிடைத்தது 1941இல்! அதுவும் 20 வருஷம் உழைத்து, இனி எந்த வேலைக்கும் ஆகமாட்டார் என்று ஆன ஆண்களுக்கு மட்டும். கார்டிங்கில் அவர்களோடு நின்ற பெண்களுக்கு அப்போது அதுகூட இல்லை. திங்கட்கிழமை காலை ஷிப்டில் நெஞ்சு இறுகும்போது, லீவு முடிந்த சோம்பல் என்று மேஸ்திரி சொல்லக் கேட்டவர்களுக்கு, ருசு கேட்பவன் யாருடைய ஆள் என்பது தெரியும்.

புகையில்லாத சுருட்டு என்று ஒன்றையும் விற்கிறார்கள். அது கரி. கண்ணுக்குப் புகை தெரியாது. கரி எரிந்தால் வரும் நச்சுவாயு அப்படியேதான் வரும்.

தூசியும் புகையும் கிளம்பும் இடத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அங்கேயே உறிஞ்சி வெளியேற்ற வேண்டும் என்று நமது 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14வது பிரிவு சொன்னது. தொழில்நோய்த் தடுப்புக்குச் சீனத்திலும் 2001இல் சட்டம் செய்தார்கள். ஆனால் வைத்தியசாலையை யாரும் தொழிற்சாலையாக நினைப்பதில்லை. அங்கே நிற்பவரையும் தொழிலாளியாக நினைப்பதில்லை.

சன்னலைத் திற என்றால், நூல் அறுந்துபோகும் என்பார் மில் முதலாளி. இங்கே, நோயாளிக்குக் குளிர்காற்றுப் படக்கூடாது என்பார்கள். சரி, படவேண்டாம். கட்டிலுக்குக் கட்டில் மேலே புகைக்கூண்டும் உறிஞ்சும் விசிறியும் வைக்கட்டும். புகை அறையில் ஒருவரையே நாள் முழுதும் நிறுத்தாமல் ஆள் மாற்றட்டும். வருஷம் ஒரு முறை அவர்கள் நெஞ்சைப் பரிசோதிக்கட்டும். செலவு வைத்தியசாலையுடையது, தொழிலாளியின் சம்பளத்தில் கைவைக்கக்கூடாது.