நம்மவரா, நல்லவரா?

"நம்ம ஆளா?" வேட்பாளரின் பெயரைக் கேட்டதும் நம் வாயில் முதலில் வருவது இந்தக் கேள்விதான்.

நம் நாட்டில் சட்டத்துறைத் தலைவரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் நியமிக்கிறார். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் மக்களே அவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். 2010-இல் அங்குப் போட்டியிட்ட கமலா ஹாரிஸின் தாயார் சென்னையில் பிறந்த தமிழர். எதிர்த்து நின்றவர் ஸ்டீவ் கூலி. கூலி மரண தண்டனையை ஆதரித்தார். ஹாரிஸ் தனிப்பட்ட முறையில் எதிர்த்தார். ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் ஹாரிஸ் வென்றார். ஆனால், மரண தண்டனை முறை அரசியலமைப்புக்கு முரணானது என 2014-இல் வந்த தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்தவரும் அவரே!

தமிழ் இரத்தம் என்று மட்டும் பார்த்திருந்தால் இவற்றில் எதை அறிந்திருப்போம்?

2018-இல் டோமி தாமஸ் சட்டத்துறைத் தலைவரானபோது, இனத்தையும் மதத்தையும் காட்டிச் சிலர் எதிர்த்தனர். நாம் கொதித்தோம். தகுதியைப் பாருங்கள் என்றோம். அதே தராசை நாம் வாக்களிக்கும்போது மட்டும் ஒளித்து வைப்பது நியாயமா?

2022 மார்ச் 12-இல் நடந்த ஜொகூர் மாநிலத் தேர்தலில்தான் 18 வயதினர் முதன்முறையாக வாக்களித்தனர். அன்று எங்கள் வீட்டில் ஒருவர்கூட வேட்பாளர்களின் கொள்கை அறிக்கையை வாசிக்கவில்லை. உங்கள் வீட்டில்?

அடுத்த முறை "நம்ம ஆளா?" என்று கேட்பதில் தவறில்லை. "இதுவரை என்ன செய்தார்?" என்பதை அதற்கு முன்பே கேட்டுவிடுவோம், தோழர்களே!