கொத்துமல்லி சரி, தொட்டபத்ரே வேண்டாம்

பெங்களூரு வீடுகளின் மொட்டை மாடித் தொட்டிகளில் தொட்டபத்ரே சர்வசாதாரணம். நம்மூர் ஓமவல்லிதான். குழந்தைக்குச் சளி என்றால் அதன் இலையைத்தான் பறிக்கிறோம். வீட்டு நாய் இருமினாலும் கை அங்கேயே போகிறது. சிக்கல் இங்குதான் ஆரம்பம்.

நமக்கு மருந்தாகும் இலை நாய்க்கும் மருந்தாக வேண்டும் என்பதில்லை. ஓமவல்லியின் வாசனை எண்ணெய்கள் நாய்க்கு வாந்தி, பேதியை உண்டாக்கும். சில சமயம் ரத்தமும் போகும். கற்றாழைத் தோலின் அடியில் உள்ள மஞ்சள் பாலும் கடும் பேதி மருந்து.

இவற்றைவிட ஆபத்தானவை வெங்காயத்தாள், வெங்காயம், பூண்டு. இவற்றிலுள்ள கந்தகப் பொருட்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கின்றன. உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வெங்காயம் ஒரே சமயத்தில் உள்ளே போனாலே ஆபத்து. 10 கிலோ நாய்க்கு இது வெறும் 50 கிராம். பூண்டு இன்னும் வீரியமானது. வேகவைத்தாலும் விஷம் போகாது. ஈறு வெளுப்பது, சிறுநீர் கருஞ்சிவப்பாவது போன்ற அறிகுறிகள் தெரியச் சில நாட்கள் ஆகலாம். அதற்குள் தின்றதையே நாம் மறந்திருப்போம்.

அப்படியானால் எதைக் கொடுக்கலாம்? கொத்துமல்லித் தழையைப் பொடியாக நறுக்கிச் சோற்றில் ஒரு சிட்டிகை கலக்கலாம். புதினா ஓரிரு இலையோடு நிற்கட்டும். அதிகமானால் வயிற்றைக் கெடுக்கும். எதுவானாலும் முதல் நாள் ஒரு இலை மட்டும் கொடுத்து, ஒரு நாள் கவனியுங்கள். தழை உணவல்ல, மருந்துமல்ல.

நாய் புல் தின்றால் பதற வேண்டாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, புல் தின்னும் நாய்களில் பெரும்பாலானவை அதற்கு முன் நோயுற்றிருக்கவில்லை. தின்றபின் அடிக்கடி வாந்தியெடுத்தவையும் சுமார் கால் பங்குதான்.

புல்லைவிடப் புல்லின் மேல் இருப்பதற்கு அஞ்சுங்கள். மழைக்காலத்தில் பெங்களூரு தோட்டங்களில் ஆப்பிரிக்க நத்தைகள் பெருகும். அவற்றைக் கொல்லப் போடும் மெட்டால்டிஹைடு குருணை நாய்க்கும் எமன். நடுக்கம், வலிப்பு என்று சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும். மருந்து தெளித்த செடியின் இலையும் கூடாது.

நாய் எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே உயிரை வாங்கக்கூடும். தின்ற செடியில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். செடி இன்னதென்று தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.