கரடியைக் கூப்பிட்டது யார்?



"சிவ பூஜையில கரடி புகுந்த மாதிரி" என்று நம்ம பெரியவங்க ஒரு பழமொழி சொல்லுவாங்க. வேண்டாத நேரத்தில் வேண்டாத ஆள் வந்து நின்றால் அப்படிச் சொல்வது வழக்கம். அந்தக் கரடி விலங்கே அல்ல, அது ஒரு பறை வாத்தியத்தின் பெயர் என்று விளக்கம் சொல்கிறவர்களும் உண்டு. சமவெளிக்காரர்களுக்கு அந்த விளக்கம் தேவைப்படலாம். நீலகிரிக்காரனான எனக்குத் தேவையில்லை. எங்க பக்கம் கரடி நிஜமாகவே கோயிலுக்குள் புகுந்து, விளக்கில் ஊற்றிய எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிறது! கோயிலோடு நிற்பதில்லை. ரேஷன் கடைக் கதவு, பேக்கரி ஷட்டர், டீக்கடைக் குப்பைக் கூடை என்று அதன் விஜயம் நீண்டுகொண்டே போகிறது.

ஆண்டு மலருக்கு எதைப் பற்றி எழுதப் போகிறாய் என்று கேட்ட நண்பனிடம் "கரடியைப் பற்றி" என்றேன். "டேய், கரடி விடாதடா!" என்று சிரித்தான். இது நான் விடுகிற கரடி அல்ல நண்பர்களே. நாமே கையைத் தட்டிக் கூப்பிட்ட கரடி. எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு நண்பர்கள் பதினோரு பேர் கோத்தகிரிப் பக்கம் போயிருந்தோம். என் சொந்த ஊர்ப் பக்கம் என்பதால் வழிகாட்டி நான்தான். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு மேட்டில் டென்ட் போட்டுத் தங்க இடம் வாடகைக்கு விட்டார்கள். ராத்திரி நெருப்பு மூட்டி ஒரே பாட்டு, ஆட்டம், கோழி வறுவல். காலையில் கிளம்பும்போது மிச்சச் சோறு, எலும்பு, கேக் டப்பா எல்லாவற்றையும் ஒரு கவரில் கட்டி, வேலியோர உண்ணிச்செடிப் புதருக்குள் வீசினோம். 'வீசினோம்' என்று பன்மையில் எழுதுவது மரியாதைக்காக. வீசிய கை என்னுடையது.

நாலாம் நாள் அம்மாவிடமிருந்து போன். "தம்பி, மேட்டுப் பாதையில ரெண்டு நாளா கரடி நிக்குது. வெளிச்சம் நல்லா வந்தப்புறம்தான் கொழுந்து பறிக்கப் போறோம். கூலி குறையுது. எந்த டூர்காரனுங்களோ சோத்தைக் கொட்டிட்டுப் போயிருக்கானுங்க" என்றார். எனக்கு வாய் திறக்கவில்லை. லீவுக்கு வீட்டுக்குப் போனபோதுதான் உண்மையைச் சொன்னேன். எங்க வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மா திட்டவில்லை. "நாங்க போட்டா தெரியாம போட்டோம்னு சொல்லலாம் சாமி. நீ படிக்கப் போனவன்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

முதலில் கரடியைப் பற்றி நாம் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் காடுகளில் இருப்பது கறுப்பு நிறத்தில், நீண்ட மயிரோடு, நெஞ்சில் வெள்ளை வளைவோடு இருக்கும் தேன்கரடி. கரையானும் எறும்பும் பழங்களும் தேனும்தான் அதன் சாப்பாடு. மேல் வரிசையில் முன்பற்கள் இரண்டு அதற்குக் கிடையாது. அந்த இடைவெளி வழியாகக் கரையானை உறிஞ்சி எடுக்கும். நம்ம ஒர்க்‌ஷாப் புளோயரைத் திருப்பி மாட்டினது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உறிஞ்சுகிற சத்தம் நூறு மீட்டர் தள்ளிக்கூடக் கேட்கும். மோப்பம் மிகக் கூர்மை, பார்வையோ மந்தம். ஆங்கிலத்தில் அதற்குச் சோம்பேறி என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். 1791-ல் ஜார்ஜ் ஷா என்ற அறிஞர், அதன் நீண்ட நகங்களைப் பார்த்துத் தென் அமெரிக்காவின் மரத்தில் தொங்கும் விலங்கோடு சேர்த்துப் பெயரிட்டதால் வந்த வினை! சோம்பேறி என்று நம்பி யாரும் ஓட்டப்பந்தயம் வைத்துவிடாதீர்கள். நம்மைவிட வேகமாக ஓடும்.

அப்படியானால் மனிதனை ஏன் தாக்குகிறது? தின்பதற்காக அல்ல. பயத்தினால்! புலியும் சிறுத்தையும் உள்ள காட்டில் வளர்ந்த விலங்கு அது. தாய்க் கரடி குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு திரியும். ஓடித் தப்புவதைவிட எதிர்த்து நிற்பதே அதன் பழக்கம். கரையான் புற்றில் தலையை விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது நம் காலடிச் சத்தம் அதற்குக் கேட்பதில்லை. திடீரென்று பத்தடி தூரத்தில் நாம் போய் நின்றால் பதறிப் பாய்கிறது. பெரும்பாலும் தலையையும் முகத்தையும்தான் குறிவைக்கும்.

இங்கேதான் சின்ன வயதில் படித்த ஒரு கதை நமக்கு எதிரியாக நிற்கிறது. காட்டு வழியே போன இரண்டு நண்பர்களும் கரடியும் என்ற கதை தெரியாதவர் உண்டா? ஒருவன் மரத்தில் ஏறித் தப்பித்தான், மற்றவன் செத்தவன் போலப் படுத்துத் தப்பித்தான். நட்பைப் பற்றிய நீதிக்கு அது நல்ல கதை. பாதுகாப்புக்கு அது பாதிக் கதைதான். நம்ம கரடி தேனுக்காக மரம் ஏறுகிற ஜாதி! மரத்தில் ஏறியவன் நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியாது. கண்டவுடன் தொப்பென்று படுப்பதும் சரியல்ல. என்னதான் செய்வது?

ஒன்று: விடியலுக்கு முன்னும் அந்தி சாய்ந்த பின்னும் காட்டோரப் பாதையில் தனியாக நடக்கக் கூடாது. கூட்டமாக, பேசிக்கொண்டே போக வேண்டும். வளைவுகளிலும் புதர் அடர்ந்த இடங்களிலும் கையைத் தட்டலாம், கோலால் தரையைத் தட்டலாம். 'மனிதன் வருகிறான்' என்று முன்கூட்டியே தெரிந்தால் கரடியே ஒதுங்கிப் போய்விடும். டார்ச் அவசியம். காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு நடப்பது ஆபத்து.

இரண்டு: தூரத்தில் கரடியைப் பார்த்தால் ஓடாதே, கல் எறியாதே, போட்டோ எடுக்கக் கிட்டே போகாதே. அதன் மேல் ஒரு கண் வைத்தபடி மெதுவாகப் பின்னால் நகர வேண்டும். குட்டி தனியாகத் தெரிந்தால் தாய் பக்கத்திலேயே இருக்கிறது என்று பொருள்.

மூன்று: பாய்ந்து வந்துவிட்டது, தப்ப வழியே இல்லை என்றால் மட்டும், குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் பிடரியில் கோத்து, கழுத்தையும் முகத்தையும் மறைத்துக்கொள்ள வேண்டும். முதுகில் பை இருந்தால் கழற்றவே கூடாது, அதுதான் கவசம். கரடி விலகிப் போகும்வரை அசையக் கூடாது. காயம் சின்னதாக இருந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடிக்குப் போடும் ஊசியைப் பற்றியும் கேட்க வேண்டும்.

இவையெல்லாம் கரடி எதிரே வந்த பிறகு செய்ய வேண்டியவை. அது வராமலே இருக்கச் செய்ய வேண்டியதுதான் முக்கியம். அதுதான் நான்காவது: சாப்பாடு! டென்ட்டுக்குள் தின்பண்டம் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. சமைக்கிற இடம் வேறு, படுக்கிற இடம் வேறாக இருக்க வேண்டும். மிச்சத்தைப் புதைத்தாலும் பயனில்லை. பூமிக்குள் இருக்கும் கரையானையே மோந்து தோண்டுகிற மூக்குக்கு நம்ம பிரியாணி எம்மாத்திரம்? கொண்டுபோன எல்லாவற்றையும் இறுகக் கட்டித் திரும்ப எடுத்துவர வேண்டும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் உயிர் கொடுத்துக் கற்ற பாடம். அங்கே கிளேசியர் தேசியப் பூங்கா 1910-ல் தொடங்கப்பட்டது. 1967 வரை அங்கு கிரிஸ்லி கரடி ஒருவரைக்கூடக் கொன்றதில்லை. 1967 ஆகஸ்ட் 13-ஆம் தேதி, ஒரே இரவில், மைல் கணக்கில் தள்ளியிருந்த இரண்டு இடங்களில், இரண்டு வேறு கரடிகள் இரண்டு இளம்பெண்களைக் கொன்றன. இருவருக்கும் வயது 19. நம்ம வயசுதான் நண்பர்களே! காரணம் என்ன? ஓரிடத்தில் விடுதியின் மிச்சச் சாப்பாட்டை வெளியே கொட்டி, கரடிகள் வந்து தின்பதைச் சுற்றுலாப் பயணிகளுக்கு இரவு வேடிக்கையாகக் காட்டியிருக்கிறார்கள். இன்னோரிடத்தில் முகாம்களில் புகுந்து தின்று பழகிய கரடி அந்தக் கோடை முழுவதும் சுற்றித் திரிந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் குப்பை விஷயத்தில் கடுமையான விதிகள் வந்தன.

அதே நாட்டில் யோசெமிட்டி பூங்காவில் 1998-ல் மட்டும் 1,500-க்கும் மேற்பட்ட கரடிச் சம்பவங்கள். கார் கதவையே பிய்த்து உள்ளே இருந்த தின்பண்டத்தை எடுத்தன. அங்கே என்ன செய்தார்கள்? முகாம்களில் எல்லாம் இரும்புப் பெட்டி வைத்து, சாப்பாட்டை அதில்தான் பூட்ட வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். குப்பைத் தொட்டிகளுக்குக் கரடி திறக்க முடியாத மூடி போட்டார்கள். சம்பவங்கள் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டன. இத்தனைக்கும் கரடிகள் அங்கேயேதான் இருக்கின்றன!

"கரடியைக் கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விட வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. எங்க ஊரிலும் கூண்டு வைக்கிறார்கள், பிடிக்கிறார்கள், கொண்டுபோய் விடுகிறார்கள். ஆனால் குப்பை அதே இடத்தில் இருந்தால் அடுத்த கரடி வராதா? பந்தி போட்டு வைத்துவிட்டு, விருந்தாளியை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் என்ன லாபம்?

"ஊர்க்காரங்களே குப்பை போடத்தானே செய்யறாங்க?" என்றும் கேட்கலாம். உண்மை, மறுக்கவில்லை. கோயிலில் எண்ணெயை இரவு முழுக்க வைப்பதும், கடைக் கழிவைச் சரிவில் தள்ளுவதும் எங்கள் தவறுதான். பராமரிப்பில்லாத தோட்டங்களில் உண்ணிச்செடி மண்டிக் கிடப்பதும் கரடிக்கு வசதி. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஊர்க்காரர் தப்பு செய்தால் பலனையும் அவரே அனுபவிக்கிறார். டென்ட் போட்டவனோ மறுநாள் பஸ் ஏறிவிடுகிறான். அவன் வீசிய சோற்றுக்குப் பழகிய கரடியை எதிரே பார்ப்பது யார்? பனி விலகாத காலையில் கொழுந்துப் பையை மாட்டிக்கொண்டு போகிற ஒரு பெண். அவரிடம் கூடாரம் இல்லை, வழிகாட்டி இல்லை, 'இன்னிக்கு வேண்டாம், நாளைக்கு மலையேறலாம்' என்று தள்ளிப்போடும் வசதியும் இல்லை. பழகிவிட்ட கரடிக்கும் நல்ல முடிவு கிடைப்பதில்லை. ஆக, நம்ம ஒரு ராத்திரி சந்தோஷத்துக்கு விலை கொடுப்பது இரண்டு வாயில்லாப் பூச்சிகள். இது நியாயமா?

மலை ஏறாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஏறுங்கள், பாருங்கள், ரசியுங்கள்! முறைப்படி ஏறுங்கள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படுத்தித் திறந்தது. உள்ளூர் மலைவாழ் இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். அனுமதி இல்லாமல் காப்புக் காட்டுக்குள் நுழைவது சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக மாணவர் மன்றத்துக்கு இரண்டு கோரிக்கைகள். முதலாவது, இனி நம்ம கல்லூரிச் சுற்றுலா மலைப் பக்கம் போகும்போது, பஸ் கிளம்பும் முன் குப்பை மூட்டையை எண்ணி ஏற்றுவது ஒரு பொறுப்பாளரின் கடமையாக இருக்க வேண்டும். தலையை எண்ணுகிற மாதிரி மூட்டையையும் எண்ண வேண்டும்.

இரண்டாவது, நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள். வெல்டிங், ஷீட் மெட்டல், பிட்டிங் எல்லாம் நம்ம கைக்குப் பழக்கம். கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டியின் சூட்சுமம் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. கனத்த தகடு, வெளியே தெரியாத கீல், தரையோடு போல்ட். தாழ்ப்பாள் மட்டும் ஒரு குறுகிய உறைக்குள் இருக்கும். மனிதனின் விரல் உள்ளே மடங்கிப் போய்த் தள்ளும், கரடியின் அகன்ற பாதமும் நீண்ட நகமும் அங்கே மடங்காது. இறுதியாண்டு புராஜெக்டாக இதை ஏன் செய்யக் கூடாது? மதிப்பெண் வாங்கியபின் மூலையில் துருப்பிடிக்கும் மாடல்கள் போதும். ஒரு தொட்டி செய்வோம். அதை எங்க ஊர் மேட்டுப் பாதையில் கொண்டுபோய் வைப்போம். தூக்குவதற்கு முதல் ஆளாக நான் வருகிறேன். நான் வீசிய கவருக்கு அதுதான் நான் கட்டும் அபராதம்.

கரடி தன் வழியில் போகட்டும். கொழுந்து பறிப்பவர்கள் தங்கள் வழியில் போகட்டும். நடுவே சோற்றுப் பொட்டலத்தைப் போடாமல் நாம் நம் வழியில் வருவோம்.

சிந்திப்போம், செயல்படுவோம்!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை